பதினெட்டைத் தாண்டிய பிள்ளைகளுக்கு வீட்டில் இடம் கொடுப்பது: எல்லையோரக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பதினெட்டு வயது முடிந்த மறுநாளே ஒருவர் தனியாக வாழத் தயாராகிவிடுவதில்லை. ஆனாலும் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த வயதோடு இல்லத்தின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. நெல்லியாம்பதியிலோ மூணாறிலோ எஸ்டேட் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) வளர்ந்த பிள்ளைக்கு, தாயோ தகப்பனோ வேலையிலிருந்து ஓய்வு பெற்றால், பிறந்து வளர்ந்த வீட்டையே காலி செய்துகொடுக்க வேண்டிய நிலை வருகிறது, ஏனெனில் லயம் தோட்டக் கம்பெனிக்குச் சொந்தமானது. திருநங்கை என்று தெரிந்ததும் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பெற்றோரை இழந்து உறவினர் வீடுகளில் மாதத்துக்கு ஓரிடமாகத் தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பாலக்காட்டுப் பக்கத்துத் தொழிற்பேட்டையான கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை கிடைத்தும் அறைக்கு அட்வான்ஸ் கொடுக்க வழியில்லாமல் தவிப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவருக்கு ஓரிரு ஆண்டுகள் தங்கள் வீட்டில் ஓர் அறையைக் கொடுக்கலாம் என்று நினைக்கும் குடும்பங்களுக்காக, பாலக்காடு மாவட்டத்தின் கேரள–தமிழ்நாடு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டுக்கு வரப்போகிறவர் வயது வந்தவர். தத்துப்பிள்ளையோ, விருந்தாளியோ, வேலைக்கு வைத்த ஆளோ அல்ல. அவருடைய சான்றிதழ்கள், சம்பளம், நட்பு, மதம், கல்யாணம் எல்லாம் அவருடைய முடிவுக்கு உட்பட்டவை. இதைக் குடும்பத்தில் எல்லோரும் மனதார ஏற்றுக்கொண்டால் மற்றச் சிக்கல்களைப் பேசித் தீர்த்துவிடலாம். இதை ஏற்க முடியாத வீடு, எவ்வளவு பெரிய மனதோடு தொடங்கினாலும், சில மாதங்களில் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு ஹோமாக மாறிவிடும்.

முதலில் வயது

பிறந்த தேதியை எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலோ பிறப்புச் சான்றிதழிலோ நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். பதினெட்டு முடியவில்லை என்றால் நீங்களாக முடிவெடுத்துத் தங்க வைக்கக் கூடாது. குடும்பத்தைப் பிரிந்தோ ஆதரவின்றியோ இருக்கும் குழந்தையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் 1098 எண்ணுக்கோ, போலீசுக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தெரிவிக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் கூறுகிறது. தெரிவிக்காமல் விடுவது தண்டனைக்குரியது. அந்த வயதுக் குழந்தையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு வளர்ப்புப் பராமரிப்பு என்ற தனித் திட்டம் இருக்கிறது. அது வேறு வழி, அதற்குக் குழுவின் உத்தரவு தேவை.

பதினெட்டு முடிந்தவருக்கு இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. அவர் எங்கே, யாரோடு தங்குவது என்பதை அவரே தீர்மானிக்கலாம்.

வீட்டுக்குள் பேச வேண்டியவை

கணவனும் மனைவியும் ஒத்துக்கொண்டால் போதாது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிலிருந்து பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் வரை எல்லோரையும் வைத்துப் பேசுங்கள். கழிப்பறை ஒன்றுதான் என்றால் காலையில் யார் எப்போது போவது, டி.வி. ரிமோட் யார் கையில் என்பது வரை பேசிவிடுவது நல்லது. இவை சின்ன விஷயமாகத் தோன்றினாலும், தினமும் உரசுவது இவைதான்.

பெரும்பாலான குடும்பங்கள் பேசாமல் தாண்டிவிடும் விஷயம் சாதி. எங்கள் வட்டாரத்தில் இன்றும் புதிதாக வந்த ஆளிடம் இரண்டாவது கேள்வியாகவே “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டார் கேட்பார்கள், கல்யாண வீட்டில் கேட்பார்கள், உங்கள் மாமனாரே கேட்கலாம். அந்தக் கேள்விக்கு அந்தப் பிள்ளையைப் பதில் சொல்ல வைக்காமல், “எங்க வீட்டுப் பிள்ளைங்க” என்று சொல்லி முடிக்க உங்களால் முடிய வேண்டும். தனித் தட்டு, தனித் தம்ளர், அடுக்களைக்குள் வரக்கூடாது என்ற வழக்கம் ஏதேனும் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து இந்த முயற்சியைத் தொடங்க வேண்டாம். அப்படி ஒரு வீட்டில் கிடைக்கும் கூரையைவிட ஹாஸ்டல் படுக்கை எவ்வளவோ மேல்.

அடுத்தது வேலை. தங்க இடம் கொடுத்திருக்கிறோம் என்பதற்காகத் தோட்டத்தில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதும், மாட்டுக்குப் புல் அறுப்பதும், வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்வதும் அந்தப் பிள்ளையின் தலையில் மெல்ல வந்து விழும். கெட்ட எண்ணமே இல்லாத வீட்டிலும் இது நடக்கும். உங்கள் சொந்த மகன் என்ன வேலை செய்கிறானோ அதே அளவு வேலையை அவரும் செய்யட்டும். அதற்கு மேல் செய்ய வைத்தால் ஊர்க்கூலியைக் கொடுத்துவிடுங்கள். தங்குமிடத்துக்குப் பதிலாக உழைப்பு என்று பேசவே பேசாதீர்கள். இடத்துக்கோ கடனுக்கோ ஈடாக ஒருவரை வேலையில் பிடித்துவைப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றமாகிவிடும்.

தனியாக வாழும் ஆண்கள் இளம்பெண்ணுக்கு இடம் கொடுக்க நினைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஏதேனும் நேர்ந்தால் சொல்வதற்கு அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. அவருக்கு உதவ விரும்பினால் பெண்கள் விடுதிக் கட்டணத்தைக் கட்டிக்கொடுங்கள்.

யார் மூலம் வருகிறார்

தெரிந்தவர் சொன்னார் என்று நேரே அழைத்து வருவதைவிட, ஓர் அமைப்பின் பார்வையில் வருவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. குழந்தைகள் இல்லத்திலிருந்து வெளியேறுகிறவர்களுக்குப் பின்னாதரவு என்ற ஏற்பாட்டைச் சிறார் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு வகுத்திருக்கிறது. 21 வயது வரை அதைப் பெறலாம். 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகளின்படி, விதிவிலக்கான சூழலில் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கவும் முடியும். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் இதற்காக மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகையைக் குறிப்பிடுகின்றன. இந்தப் பணம் தானாக வந்து சேராது. இல்லத்தை விட்டு வெளியேறும் முன்பே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டு, குழுவின் உத்தரவைப் பெற வேண்டும். பாலக்காட்டு இல்லத்தில் வளர்ந்தவருக்குப் பாலக்காட்டு அலகு, கோவை இல்லத்தில் வளர்ந்தவருக்குக் கோவை அலகு என்று போய்க் கேளுங்கள். உத்தரவு வந்தால் தொகை அவருடைய வங்கிக் கணக்குக்கே போக வேண்டும், உங்கள் கணக்குக்கு அல்ல.

இல்லத்தில் வளராத பிள்ளை என்றால், அவரை நன்கு அறிந்த இருவரிடமாவது பேசுங்கள்: கல்லூரி ஆசிரியர், வேலை செய்யும் இடத்தின் சூப்பர்வைசர், வார்டு மெம்பர் என யாராகவும் இருக்கலாம். அவர் உங்களைப் பற்றி விசாரிக்கவும் அதே உரிமை உண்டு. உங்கள் வீட்டுக்கு முன்பு யாராவது வந்து தங்கியிருந்தால் அவர்களுடைய போன் நம்பரை, அவர்களிடம் கேட்டுவிட்டு, கொடுங்கள். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லுங்கள். பிறகு இரண்டு நாள் தங்கிப் பார்க்கட்டும். “பிடிக்கலைன்னா தயங்காமச் சொல்லுப்பா” என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லாத வரை, இடமில்லாத ஒருவர் தனக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லவே மாட்டார்.

ஒரு பக்கத் தாள்

வாடகை வாங்காமல் தங்க வைப்பது சட்டத்தின் பார்வையில் அனுமதி மட்டுமே. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இதைக் குத்தகையிலிருந்து பிரித்தே வைத்திருக்கிறது, அதனால் உங்கள் சொத்தில் அவருக்கு உரிமை எதுவும் உண்டாவதில்லை. “நாளைக்கு வீட்டையே எழுதிக் கேட்டா?” என்று பயமுறுத்தும் உறவினர்களுக்கு இதைச் சொல்லுங்கள். இருந்தாலும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது அவசியம். எந்த அறை, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, பணம் உண்டா இல்லையா, கிளம்ப வேண்டும் என்றால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். அந்தக் கெடு இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். முப்பது நாளுக்குக் குறையாமல் வைக்கச் சொல்வேன். கோபத்தில் ராத்திரியோடு ராத்திரியாக வெளியே அனுப்ப மாட்டோம் என்ற ஒரு வரி அந்தத் தாளில் இருந்தால், அதுவரை அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காத உறக்கம் அன்று முதல் கிடைக்கும்.

வாடகை வாங்குவதாக இருந்தால் அது வேறு கணக்கு. பதினொரு மாத ஒப்பந்தம் போடும் வழக்கம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தால் வந்தது. பொள்ளாச்சி போன்ற தமிழ்நாட்டு நகர்ப்பகுதிகளில், 2019 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்கிறது. இரண்டில் எதுவானாலும், வந்து தங்கியிருப்பவரின் விவரத்தையும் ஆதார் நகலையும் உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் அவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுங்கள். பின்னால் யாராவது வந்து “பெண்ணைக் கடத்தி வைத்திருக்கிறார்கள்” என்று புகார் கொடுத்தால் அந்த ஒரு தாள் உங்களையும் அவரையும் காப்பாற்றும்.

முதல் சில வாரங்கள்

வந்த நாளிலேயே வாசல் சாவி ஒன்றைக் கையில் கொடுங்கள். அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாளும், பூட்டு போடக்கூடிய ஓர் அலமாரியும் இருக்க வேண்டும். இடவசதி இல்லாத வீட்டில் தனி அறை கொடுக்க முடியாமல் போகலாம். அப்போதும் பூட்டுள்ள ஒரு தகரப் பெட்டியாவது அவருக்கென்று இருக்கட்டும்.

ஹோமில் வளர்ந்த பிள்ளைகளிடம் சில பழக்கங்களைப் பார்ப்பீர்கள். காலை ஐந்து மணிக்கு யாரும் எழுப்பாமல் எழுந்து, குளித்து, என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாம் தடவை சாதம் போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் கேட்க வாய் வராது. பானையைப் பார்ப்பார்கள், உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், எழுந்து தட்டைக் கழுவிவிடுவார்கள். ஒரு பெண் தினமும் காலையில் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டுத்தான் கல்லூரிக்குப் போவாள். அலமாரி பக்கத்திலேயே காலியாக இருக்கும். இப்படி ஒன்றைக் கண்டால் “ஏம்மா, இங்கே வைக்கலாமே” என்று திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். சாதப் பானையைத் தரையில் எல்லோருக்கும் நடுவில் வைத்து அவரவரே போட்டுக்கொள்ளும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். பை எப்போது அலமாரிக்குள் போகும் என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

பழைய கதையைக் கேட்காதீர்கள். அம்மா எங்கே, அப்பா என்ன ஆனார், ஏன் ஹோமில் விட்டார்கள் என்ற கேள்விகளுக்கு அவர்கள் எத்தனையோ அதிகாரிகள் முன்னால் பதில் சொல்லி அலுத்திருப்பார்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது, பெரும்பாலும் பாத்திரம் கழுவும்போதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதோ, அவர்களாகவே சொல்வார்கள். கேட்டதை வெளியில் பேசாமல் இருப்பது உங்கள் கடமை. “பாவம், அனாதைப் பிள்ளை, நாங்கதான் வச்சிருக்கோம்” என்று கோயில் வாசலில் அறிமுகப்படுத்துவதைப் போலக் கொடுமை வேறில்லை.

வெளியே ஒரு பெரியவர் அவருக்கு இருக்க வேண்டும். உங்களைப் பற்றியே குறை சொல்ல விரும்பினாலும் தயங்காமல் போன் செய்யக்கூடிய ஒருவர், உங்கள் உறவினர் அல்லாதவர். அதை நீங்களே முதல் வாரத்தில் சொல்லி ஏற்பாடு செய்யுங்கள்.

எல்லையில் மட்டும் உள்ள தாள் சிக்கல்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து அரை மணி நேரத்தில் தமிழ்நாட்டுக்குள் போய்விடலாம். ஆனால் தாள்கள் அப்படி எளிதாக எல்லை தாண்டுவதில்லை. இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன், ஏனெனில் அவசரத்தில் மாற்றிய ஒரு முகவரியால் ஒரு பிள்ளையின் படிப்பே தடைப்படலாம்.

பட்டியல் சாதி, பழங்குடிச் சான்றிதழ் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் கூடவே வருவதில்லை. தன் சொந்த மாநிலத்தில் பட்டியலில் இருப்பவர், குடியேறிய மாநிலத்தில் அந்த மாநில அரசின் இட ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. 2018இல் அரசியல் சாசன அமர்வும் அதே நிலைப்பாட்டையே எடுத்தது. ஆகவே ஆனைமலையில் பிறந்து தமிழ்நாட்டுச் சான்றிதழ் வைத்திருக்கும் பிள்ளை உங்கள் பாலக்காட்டு வீட்டுக்கு வந்தால், தமிழ்நாட்டுக் கல்லூரியிலோ டி.என்.பி.எஸ்.சி.யிலோ ஒதுக்கீட்டைப் பயன்படுத்த வேண்டிய காலம் முடியும் வரை ஊர் சார்ந்த தாள்களை அங்கேயே விட்டுவைப்பது நல்லது. மத்திய அரசுப் பணிகளுக்குச் சொந்த மாநிலச் சான்றிதழே செல்லும்.

உதவித்தொகைகளும் இப்படித்தான். தமிழ்நாட்டின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய், அந்த மாநிலத்தில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தகுதியுள்ள பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. கொழிஞ்சாம்பாறை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண் கோயம்புத்தூர்க் கல்லூரியில் சேர்ந்தாலும் அது கிடைக்காது. கேரளத்தில் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்கள் கேட்க வேண்டியது இ-கிராண்ட்ஸ் என்ற கேரள அரசின் கல்வி உதவித்தொகையை. எந்த மாநிலத்தில் என்ன கிடைக்கும் என்று பார்த்துவிட்டுப் பிறகு கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதே சரியான வரிசை.

பெயர் இன்னொரு தொல்லை. தமிழ்நாட்டுத் தாள்களில் இனிஷியல் முன்னால் வரும், கேரள எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பின்னால் வரும். ஒன்றில் க. முருகன், இன்னொன்றில் முருகன் கே. என்று இருக்கும். போதாக்குறைக்கு ஆதாரில் தகப்பன் பெயர் முழுதாக ஒட்டியிருக்கும். வேலைக்குச் சேரும் நாளில் கம்பெனி ஆபீஸில் இது பெரிய பிரச்சினையாகும். எஸ்.எஸ்.எல்.சி.யில் உள்ளதையே அடிப்படையாக வைத்து, ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள். கேரளப் பக்கம் அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா மையத்தில் தொடங்கலாம். தமிழ்நாட்டுப் பக்கம் இ-சேவை மையத்தில் வழி கேட்கலாம். பழைய ஆதாரில் ஹோம் பொறுப்பாளரின் போன் நம்பர் இணைந்திருக்கக்கூடும். அப்படி இருந்தால் ஓ.டி.பி. எல்லாம் அவருக்குப் போகும். ஆகவே முதல் வேலையாக அந்தப் பிள்ளையின் பெயரிலேயே ஒரு சிம் வாங்கி அந்த நம்பரை இணையுங்கள்.

அசல் சான்றிதழ்களை “பத்திரமா இருக்கட்டும்” என்று உங்கள் பீரோவில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவை அவருடைய பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். நகல்களை டிஜிலாக்கரில் ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேரளப் பக்கத்தில் வில்லேஜ் ஆபீஸில் மனு எழுத மலையாளம் தெரியவில்லையே என்று பலர் தயங்குகிறார்கள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிகள் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுடனும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள உள்ளூர் அலுவலகங்களுடனும் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தருகிறது. மனுவைத் தமிழில் எழுதி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை மலையாளம் படிக்கக் கற்றுக்கொள்வதும் நல்லதுதான், பஸ் போர்டு படிக்கவாவது உதவும்.

பணமும் வேலையும்

படிக்கிறவரிடம் பணம் வாங்க வேண்டாம். வேலைக்குப் போகிறவரிடம், சம்பளம் இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக வந்த பிறகு, அரிசிக்கும் கேஸுக்குமாக ஒரு தொகையை முன்பே பேசி வாங்குவது அவருக்கும் கௌரவம். சம்பளத்தை உங்களிடம் கொடுத்து வைக்கச் சொல்லாதீர்கள். அவராகக் கொடுத்தாலும் வங்கியில் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போடக் கற்றுக்கொடுத்துத் திருப்பிக் கொடுங்கள். கம்பெனியில் ஈ.எஸ்.ஐ., பி.எஃப். பிடிக்கிறார்களா என்று கேட்கச் சொல்லுங்கள், பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். நம்பர் ஒன்றுதான், கம்பெனி மாறினாலும் அதையே கொடுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். “உன் அக்கவுண்டையும் ஏ.டி.எம். கார்டையும் கொடு, மாசம் இவ்வளவு தர்றோம்” என்று இந்த வயதுப் பிள்ளைகளைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும், கணக்கு முடக்கப்படும், போலீஸ் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரரை. உடனடிக் கடன் ஆப்களும் இதே ரகம்தான். முதல் சம்பளம் வரும் முன்பே இதைப் பேசிவிடுங்கள்.

சிக்கல் வரும்போது

நேரம் கழித்து வருவது, போனிலேயே மூழ்கியிருப்பது, சொல்லாமல் கோவைக்குப் போய்விடுவது எல்லாம் வரும். அன்றிரவே தீர்ப்புச் சொல்லாமல் மறுநாள் பகலில் பேசுங்கள். இரவு தாமதமானால் ஒரு மெசேஜ் போடு என்பது நியாயமான விதி. ஏழு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது வயது வந்தவருக்கு விதிக்கக்கூடியதல்ல. கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வாளையாற்றில் பஸ் பிடித்து வருகிறவருக்கு அது நடைமுறைக்கும் ஒத்துவராது.

தூக்கமின்மை, சாப்பிடாமல் இருப்பது, கையைக் கீறிக்கொள்வது போன்றவற்றைக் கண்டால் அதை ஒழுங்கீனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181. உறவினர்கள் வந்து மிரட்டினால் 15100 எண்ணில் சட்ட உதவி கேட்கலாம்; பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். போலீஸ் கூப்பிட்டால் அவரே நேரில் போய், தன் விருப்பத்தில்தான் இங்கே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கட்டும். நீங்கள் கூடப் போங்கள், ஆனால் அவருக்காகப் பேசாதீர்கள்.

கிளம்பும் காலம்

எழுதிய நாள் முடிவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே அடுத்த இடத்தைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும். அறைக்கு அட்வான்ஸ் எவ்வளவு, பாத்திரம், அடுப்பு, பாய் என்ன வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டு, அந்த ஆர்.டி.யில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். வீட்டு உரிமையாளர்கள் “சொந்த பந்தம் யாரு?” என்று கேட்கும்போது உங்கள் பெயரையும் நம்பரையும் கொடுக்கச் சொல்லுங்கள், அந்த ஒரு போன் அழைப்புக்கு நல்ல பதில் சொல்ல ஆளில்லாமல்தான் பலருக்கு அறை கிடைப்பதில்லை.

போன பிறகும் சில தாள்கள் உங்கள் முகவரிக்கே வரும்: ஏ.டி.எம். கார்டு, ஹால் டிக்கெட், வேலைக்கான அழைப்பு. தபால்காரரிடம் சொல்லிவைத்து, வந்த அன்றே போட்டோ எடுத்து அனுப்பி, பிரிக்காமல் வைத்திருங்கள். ஹாஸ்டலில் சேர்ந்தவர் என்றால் ஓணத்துக்கும் பொங்கலுக்கும் ஹாஸ்டலைப் பூட்டிவிடுவார்கள். அந்த நாட்களில் எங்கே தங்குவது என்பதை, விடுமுறை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே நீங்களே போன் செய்து கேட்டுவிடுங்கள்.